"முன்னுக்குத்தானே எயார்பேக் இருக்கு"

சித்திரை விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குக் குடும்பமாகப் போனோம். அத்தான் புதிதாக எடுத்த கார். புதிது என்றால் எங்களுக்குப் புதிது. ஜப்பானில் ஒருவர், கொழும்பில் ஒருவர் எண்டு இரண்டு பேர் ஓடி முடிச்சு எங்கட கைக்கு வந்தது. ஸ்டார்ட் பண்ணினவுடன ஒரு ஜப்பான் பெண்குரல் ஏதோ சொல்லும். என்ன சொல்லுது எண்டு வீட்டில ஒருத்தருக்கும் இன்றுவரைக்கும் தெரியாது. அந்தக் காரைப் பற்றி அத்தான் ஆக்களுக்குச் சொல்லுற முதல் விசயம், ஒரு லீற்றருக்கு எத்தினை கிலோமீற்றர் ஓடும் எண்டது. இரண்டாவது, "ஆறு எயார்பேக்."

அக்கா முன் சீட்டில். மூன்று வயதுப் பெறாமகள் அக்காவின் மடியில். பெல்ட் அக்காவைச் சுற்றிப் போய்ப் பிள்ளையையும் சேர்த்துக் கட்டியிருந்தது. எனக்கு ஏனோ அது சரியாகப் படவில்லை.

"அக்கா, பிள்ளையப் பின்னால தாங்கோவன்."

அத்தான் கண்ணாடிக்குள்ளால பார்த்துச் சிரிச்சார். "பின்னால என்ன இருக்கு? முன்னுக்குத்தானே எயார்பேக் இருக்கு. அங்கதான் பாதுகாப்பு."

என்னிடம் பதில் இருக்கவில்லை. பிழை எண்டு தெரியும், ஏன் பிழை எண்டு சொல்லத் தெரியாது. முறிகண்டியில் வழக்கம்போல காரை நிப்பாட்டி, தேங்காய் உடைச்சு, பயணம் நல்லபடியாக அமைய வேணும் எண்டு பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டோம். பிள்ளை திரும்பவும் அதே மடியில். அண்டைக்குக் காருக்குள்ள நான் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

எங்களில் பலருடைய மனதில் எயார்பேக் என்பது ஒரு தலையணை. விளம்பரங்களில் அதை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறார்கள். வெள்ளைப் பை பூப்போல விரிகிறது, பொம்மை மனிதன் அதில் முகம் புதைக்கிறான். உண்மையில் நடப்பது ஒரு சின்ன வெடிப்பு. கார் மோதினவுடன் உணரி அதைக் கண்டுபிடிக்கிறது, ஒரு தீப்பொறி இரசாயனத்தைப் பற்றவைக்கிறது, அதிலிருந்து வரும் வாயு பையை நிரப்புகிறது. எல்லாம் ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில். நாங்கள் கண்ணை ஒருக்கா வெட்டி முழிக்க இதைவிடக் கூட நேரம் எடுக்கும். பை வெளியே பாயும் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றர் வரை போகும்.

அவ்வளவு வேகம் தேவைதான். மோதலில் உங்கள் தலை ஸ்டியரிங்கில் போய் அடிபட எடுக்கும் நேரமும் அவ்வளவு கொஞ்சம். தலை வந்து சேர முதல் பை விரிந்து முடிந்திருக்க வேண்டும். விரிந்து முடிந்த பையில் நீங்கள் போய் விழுந்தால், பின்பக்க ஓட்டைகளால் காற்று வெளியேற, அது மெத்தை. விரிந்துகொண்டிருக்கும் பைக்கு முன்னால் ஏற்கெனவே நீங்கள் இருந்தால், அது அடி.

பிள்ளை மடியில் இருக்கும்போது அந்த அடி முதலில் படுவது பிள்ளைக்கு. டாஷ்போர்டுக்கும் தாய்க்கும் நடுவில், பை பாயும் வழியிலேயே, பிள்ளையின் தலை இருக்கிறது. பின்னுக்குத் தாயின் நெஞ்சு. பெல்ட்டைச் சேர்த்துக் கட்டினால் இன்னும் மோசம், தாயின் முழுப் பாரமும் பிள்ளையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கும். "நான் இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுவன்" எண்டு அக்கா சொன்னா. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 10 கிலோப் பிள்ளை அந்த நேரத்துக்கு ஏறத்தாழ 140 கிலோப் பாரம்போல முன்னுக்கு இழுபடும். எந்தத் தாயாலும் பிடிக்க ஏலாது. இது பாசம் சம்பந்தப்பட்ட விசயமே இல்லை.

2024இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் முன் சீட்டில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை, மோதலில் எயார்பேக் விரிந்ததால் உயிரிழந்தது. அதே வருசக் கடைசியில் நவி மும்பையில் முன் சீட்டில் இருந்த ஆறு வயதுப் பையன். இரண்டு காரிலும் எயார்பேக் பழுதாகவில்லை. தன் வேலையைத்தான் செய்தது. ஆனால் அந்த வேலை வளர்ந்த ஆளின் உடம்பைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது.

இந்தப் பாடத்தை உலகம் ஏற்கெனவே ஒருக்கா படித்துவிட்டது. அமெரிக்காவில் 1990க்கும் 2008க்கும் இடையில், உயிர் தப்பியிருக்கக் கூடிய குறைந்த வேக மோதல்களில் எயார்பேக்கின் அடியாலேயே 290க்கு மேற்பட்டவர்கள் இறந்ததாக அந்த நாட்டு வீதிப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெல்ட் போடாதவர்கள், அல்லது சரியாகப் போடாதவர்கள். குழந்தைகளும், ஸ்டியரிங்குக்குக் கிட்ட இருந்து ஓடிய உயரம் குறைந்த பெண்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் பையின் வேகத்தைக் குறைத்தார்கள், சீட்டில் இருப்பவரின் பாரத்தை உணரும் கருவிகள் வந்தன, 13 வயதுக்குக் குறைந்தவர்கள் பின் சீட்டில் என்ற அறிவுரை வந்தது. எயார்பேக் காப்பாற்றிய உயிர்கள் இதைவிடப் பல மடங்கு கூட. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அது காப்பாற்றுவதற்கு நாங்கள் எங்கே, எப்படி இருக்கிறோம் என்பது முக்கியம்.

எயார்பேக் இருக்கும் இடங்களில் எஸ்ஆர்எஸ் என்ற மூன்று எழுத்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் கருத்தே, இது ஒரு துணை ஏற்பாடு என்பதுதான். யாருக்குத் துணை? ஆசனப்பட்டிக்கு. பெல்ட் உங்களைச் சீட்டோடு பிடித்து வைக்க வேண்டும், மிச்சத்தை எயார்பேக் பார்த்துக்கொள்ளும். பெல்ட் இல்லாவிட்டால், மோத முதல் பிரேக் அடிக்கிற அந்தக் கணத்திலேயே உடம்பு முன்னுக்குப் போய்விடும். பை விரியத் தொடங்கும்போது நீங்கள் அதன் வாசலில் நிற்பீர்கள்.

எங்கட ஊரில் பெல்ட் என்பது பொலிஸுக்குப் போடுகிற சாமான். 2011இலிருந்து முன் சீட்டில் கட்டாயம். அதனால் தூரத்தில் தொப்பியைக் கண்டவுடன் இழுத்துப் போட்டு, கடந்தவுடன் கழட்டுகிறோம். பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்துவது தாங்காமல், வெறும் கொக்கியை மட்டும் வாங்கிச் செருகி வைத்திருக்கிற ஆக்களையும் எனக்குத் தெரியும். காருக்குப் பொய் சொல்லி என்ன பிரயோசனம்? பின் சீட்டைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். 2025இல்தான் அதிவேக நெடுஞ்சாலைகளில் பின்னுக்கு இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று வந்தது. வடக்கில் அதிவேக நெடுஞ்சாலையே இல்லை. ஏ9இல் போகிற வேகத்தைப் பார்த்தால் அது சிலருக்குத் தெரியாது போல.

பின்னுக்கு இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் அவருக்கு மட்டும் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். மோதலில் அவர் முன் சீட்டின் முதுகில் முழுப் பாரத்தோடும் வந்து விழுவார். முன்னுக்கு இருப்பவர் எயார்பேக்குக்கும் அவருக்கும் நடுவில் மாட்டுப்படுவார்.

இனி என்னுடைய கதை. நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. கார் பழகப் போன முதல் நாள், கிளச் எட்டவில்லை எண்டு சீட்டை முன்னுக்குத் தள்ளச் சொன்னார்கள். தள்ளினேன். இன்னும் தள்ளச் சொன்னார்கள். கடைசியில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி இருந்துதான் லைசென்ஸ் எடுத்தேன். நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் இடையில் குறைந்தது 25 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும் எண்டு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. விரியும் பையின் மிகப் பலமான தள்ளு முதல் சில அங்குலங்களுக்குள்தான். அந்த எல்லைக்கு வெளியே இருந்தால் போதும்.

உயரம் குறைந்த ஆக்கள் என்ன செய்யலாம்? சீட்டைப் பின்னுக்கு எடுத்து, முதுகுப் பக்கத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, சீட்டை உயர்த்தக் கூடிய காராக இருந்தால் உயர்த்தி, ஸ்டியரிங்கைக் கீழே இறக்கிப் பாருங்கள். ஸ்டியரிங் முகத்தைப் பார்க்கக் கூடாது, நெஞ்சைப் பார்க்க வேண்டும். அளவுகோல் வேண்டாம், ஒரு சாண் வைத்துப் பார்த்து அதற்கு மேல் நாலு விரல் விட்டால் கிட்டத்தட்ட வரும். நான் இப்படி மாற்றி ஓடத் தொடங்கி முதல் கிழமை சங்கடமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

கைகளும் அப்படித்தான். மணிக்கூட்டு முள் 9லும் 3லும் நிற்கிற இடம்தான் கைக்கு நல்ல இடம். எங்கட பெடியள் ஒரு கையை 12இல் போட்டு, மற்றக் கையை ஜன்னலில் வைத்து ஓடுகிற ஸ்டைல் இருக்கே, பை விரிந்தால் அந்தக் கை அவருடைய முகத்திலேயே வந்து அடிக்கும். பக்கத்து சீட்டில் இருந்து டாஷ்போர்டில் காலைத் தூக்கிப் போட்டுப் படம் எடுக்கிற ஆக்களுக்கும் இதே விசயம்தான். பை விரிந்தால் முழங்கால் முகத்துக்கு வரும், இடுப்பு எலும்பு உடையும். கர்ப்பிணிகள் பெல்ட்டைக் கழட்டி வைப்பது பிழை. கீழ்ப்பட்டி வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில், மேற்பட்டி நெஞ்சுக்கு நடுவால், சீட் முடிந்தளவு பின்னுக்கு.

டாஷ்போர்டில் எயார்பேக் மூடிக்கு மேல் ஒட்டுகிற சாமான்களையும் யோசியுங்கள். போன் பிடிக்கிற ஸ்டாண்ட், வாசனைப் போத்தல், சின்னப் பிள்ளையார். பை விரியும்போது இவை எல்லாம் எறிபொருள். பிள்ளையாரை நடுவிலோ மூடி இல்லாத ஓரத்திலோ வையுங்கள், அவர் கோவிக்க மாட்டார். சீட்டின் பக்கவாட்டில் எயார்பேக் இருக்கிற கார் என்றால், அந்த இடத்தை மூடித் தைத்த சீட் கவர் போட வேண்டாம். பை வெளியே வர வழி இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் எயார்பேக் உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கையில். அது இருக்கிறதா?

ஒருக்கா விரிந்த எயார்பேக் திரும்பப் பாவிக்க முடியாதது. பையையும் சென்சரையும் புதிதாக மாற்ற வேண்டும், செலவு கூட. அதனால் அடிபட்ட காரைத் திருத்தி விற்கும்போது மூடியை மட்டும் ஒட்டி, உள்ளே ஒன்றும் இல்லாமல் விடுகிற வேலை உலகத்தில் பல இடங்களில் நடக்கிறது. வெளியால பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இங்கே 2020 பங்குனியிலிருந்து 2025 மாசி வரைக்கும் தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்தது. அந்த ஐந்து வருசமும் நாடு முழுக்க ஓடினது, கை மாறினது எல்லாம் இருந்த வாகனங்கள்தான். பழசுக்குப் பெயின்ட் அடிச்சு விலை ஏத்தி வித்த காலம். அதற்கு முதல், இந்தியாவிலிருந்து வந்த சின்னக் கார்கள் பலதில் எயார்பேக்கே இருக்கவில்லை. சாரதிக்கும் முன் பயணிக்கும் எயார்பேக் இல்லாத வாகனங்களை இனி இறக்க விடமாட்டோம் என்று 2018ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில்தான் அறிவித்தார்கள்.

பாவிச்ச கார் பார்க்கப் போனால் பெயின்டையும் ரயரையும் பார்க்கிற நேரத்தில் இதையும் பாருங்கள். சாவியைத் திருப்பினவுடன் மீற்றர் போர்டில் எயார்பேக் விளக்கு எரிய வேண்டும், சில செக்கனில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கேயோ பழுது, மோதும்போது பை விரியாமல் விடலாம். அறவே எரியவில்லை என்றால் அது இன்னும் சந்தேகம். யாரோ பல்ப்பைக் கழட்டியிருக்கலாம். விளக்கையும் ஏமாற்ற வழி இருக்கிறது என்பதால், உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது நல்லது. எயார்பேக்கை நீங்களாகக் கழட்டிப் பார்க்க மட்டும் வேண்டாம். முதலிலேயே சொன்னேன், அது வெடிக்கிற சாமான்.

தகட்டா என்ற பெயரையும் தெரிந்து வைத்திருங்கள். எயார்பேக் செய்த ஜப்பான் நிறுவனம். வாயு உண்டாக்க அவர்கள் பாவித்தது அமோனியம் நைத்திரேற்று. வருசக்கணக்கில் வெக்கையும் ஈரப்பதனும் பட்டு அந்த மருந்து பழுதாகி, விரியும்போது அளவுக்கு மிஞ்சி வெடித்து, அதன் உலோகக் கூடு துண்டு துண்டாக ஆட்களின் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தது. அமெரிக்காவில் மட்டும் 25க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே முதலில் தெரியவந்த மரணம் மலேசியாவில், 2014இல், ஒரு கர்ப்பிணிப் பெண். உலகம் முழுக்க ஏறத்தாழ 10 கோடி எயார்பேக்குகளைத் திருப்பி அழைத்தார்கள், 2017இல் நிறுவனம் வங்குரோத்தானது. பல ஜப்பான் கார் நிறுவனங்களின் 2000களிலும் 2010களின் முற்பகுதியிலும் வந்த கார்களில் இது இருந்தது.

இதில் எங்களுக்கு என்ன? வெக்கை, ஈரப்பதன், பழைய கார். மூன்றும் எங்களிடம் தாராளமாக இருக்கு. திருப்பி அழைக்கும் கடிதம் ஜப்பானில் இருந்த முதல் சொந்தக்காரருக்குப் போயிருக்கும், மூன்றாவது கைக்கு அது வந்து சேராது. ஆகவே நாங்கள்தான் தேட வேண்டும். காரின் பதிவுப் புத்தகத்தில் சேசி இலக்கம் இருக்கும். அதை அந்தக் கார் நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது இங்குள்ள முகவரிடம் கொடுத்துக் கேளுங்கள். பத்து நிமிச வேலை. அப்பாவுக்குப் போனில் பண்ணத் தெரியாது என்றால் நீங்கள் பண்ணிக் கொடுங்கள்.

இதை எழுதுகிறேன் என்று சொன்னபோது நண்பன் ஒருவன் கேட்டான்: "ஒரு மோட்டார் சைக்கிளில நாலு பேர் போற ஊரில நீ எயார்பேக் பற்றி எழுதுறியா?" நியாயமான கேள்வி. இந்த நாட்டு வீதிகளில் கூடச் சாகிறது மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும் நடந்து போகிறவர்களும்தான். ஓட்டோவில் எயார்பேக்கும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கார் வைத்திருப்பதே ஒரு வசதி.

ஆனால் நான் கேட்கிற முக்கியமான விசயத்துக்குக் காசு தேவையில்லை. பிள்ளையை முன்னுக்கிருந்து பின்னுக்கு மாற்ற ஒரு சதமும் செலவில்லை. சீட்டை நாலு விரல் பின்னுக்குத் தள்ள ஒரு சதமும் செலவில்லை. கலியாணத்துக்கும் கோயிலுக்கும் விமான நிலையத்துக்கும் வாடகைக்குக் கார் பிடிக்கிற குடும்பங்களிலும் பிள்ளை முன் சீட் மடியில்தான் போகிறது. காரணம் தெரியாமை மட்டும் இல்லை. எங்களிடம் முன் சீட் மரியாதைக்குரிய இடம். பிள்ளைக்கு அது விண்ணாணம் பார்க்கிற இடம். "பின்னால விட்டா அழும்" எண்டு சொல்லி முன்னுக்கு எடுக்கிறோம். அழட்டும். அல்லது தாயும் பின்னுக்குப் போகட்டும்.

சைல்ட் சீட் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், பின் சீட்டில் பூட்டுங்கள். கைக்குழந்தைக்கான, பின்பக்கம் பார்க்கிற வகைச் சீட்டை எயார்பேக் இருக்கிற முன் சீட்டில் ஒருபோதும் வைக்க வேண்டாம். விரியும் பை நேரே பிள்ளையின் தலைக்குப் பின்னால் உள்ள பலகையில்தான் அடிக்கும். பாவிச்ச சீட் என்றால் அடிபட்ட காரில் இருந்து வந்ததா எண்டு கேட்டு வாங்குங்கள்.

பயணம் முடிந்து சில நாளின் பிறகு, வீட்டு முற்றத்தில் நின்ற அதே காரில் முன் சீட்டின் வெயில் மறைப்பைக் கீழே இறக்கினேன். அதில் ஒரு எச்சரிக்கை ஒட்டியிருந்தது. எழுத்து முழுக்க ஜப்பான் மொழி. ஆனால் படம் எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். முன் சீட்டில் ஒரு குழந்தை, அதன் மேல் ஒரு பெரிய பை, குறுக்கே சிவப்புக் கோடு. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கனநேரம் பார்த்தா.

"இது முந்தியே இஞ்ச இருந்ததோ?"

"ஓம். ஜப்பான்ல இருந்தே வந்தது."

இப்போது பெறாமகளுக்கு ஒரு சைல்ட் சீட் இருக்கு. கொழும்பில் உள்ள சிநேகிதி தன்ர மகனுக்குச் சின்னனாப் போனது எண்டு தந்தது. முதல் இரண்டு பயணமும் கத்திக் குளறினாள். மூன்றாவது தரம் தானே ஏறி இருந்து பெல்ட்டைப் போடச் சொன்னாள். அக்கா அவளுக்குப் பக்கத்தில் பின்னுக்கு இருக்கிறா. அத்தான்தான் இன்னும் முணுமுணுக்கிறார், தன்னை ஹயர் ஓடுகிற ஆள் மாதிரி ஆக்கிப்போட்டமாம்.